மார்ச் 31-க்குள் முடித்துவிடுங்கள்

2014 குடியரசு தினத்தன்று சத்தீஸ்கர் அரசு ஓர் அறுவை மருத்துவருக்கு விருது கொடுத்தது. அவருடைய சாதனை 50,000 குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். ஐம்பதாயிரம் என்பது ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை. அதில் எத்தனை பேருக்குப் புண் சீழ் பிடித்தது, எத்தனை பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் கரு தங்கியது, எத்தனை பேர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே வயல் வேலைக்குப் போனார்கள் என்பதை விருதுக் குழு கேட்டதாகச் செய்தி இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. விருது எண்ணுக்கு. எண்ணுக்குச் சீழ் பிடிக்காது.

அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி அந்த மருத்துவர் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமுக்கு வந்தார். பூட்டிக் கிடந்த ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடத்தை அதற்காகத் திறந்திருந்தார்கள். தூசு, ஒட்டடை. சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப் கருத்தடை முடிந்தது. ஒரு மருத்துவர் ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது மத்திய அரசே எழுதி வைத்த விதி. ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து எடுத்த கருவியை அடுத்த பெண்ணின் வயிற்றுக்குள் விடுவதற்குமுன் கிருமிநீக்கத் திரவத்தில் ஊற வைக்க வேண்டும், அதற்கென்று ஒரு நேரம் பிடிக்கும் என்பதால் வந்த விதி அது. 83 பேரை அந்த நேரத்துக்குள் முடித்தார்கள் என்றால் கருவி எவ்வளவு நேரம் ஊறியிருக்கும் என்று கணக்குப் போட மருத்துவம் படிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல் போதும்.

அடுத்த நாட்களில் வாந்தி, வயிற்று வலி, ரத்த அழுத்தம் விழுந்துபோதல். பக்கத்துப் பகுதியில் அதே வாரம் நடந்த முகாமையும் சேர்த்து 13 பெண்கள் இறந்தார்கள். இளம் பெண்கள், ஏழைகள், பலருக்குக் கைக்குழந்தை. அவர்களில் ஒருவர் பைகா பழங்குடியைச் சேர்ந்தவர். பைகா மக்கள் எண்ணிக்கையில் அருகி வருகிறார்கள், அவர்களுக்குக் கருத்தடை செய்யக் கூடாது என்று 1979-லேயே அரசு உத்தரவு போட்டிருந்தது. எண்ணிக்கை குறைகிறதே என்று அரசின் ஒரு கை கவலைப்பட்டுக் கையெழுத்துப் போட்டது. எண்ணிக்கை போதவில்லையே என்று இன்னொரு கை அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது.

பிறகு எலிமருந்து வந்தது. முகாமில் கொடுத்த சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரைகளில் எலிமருந்துக்குப் பயன்படும் துத்தநாக பாஸ்பைடு கலந்திருந்ததாக அதிகாரிகள் அறிவித்தார்கள். மாத்திரைக் கம்பெனிக்காரர்கள் கைதானார்கள். பிரேதப் பரிசோதனை கிருமித்தொற்றைக் காட்டுகிறது என்றார்கள் மற்றவர்கள். இரண்டில் எது கொன்றது என்ற சண்டை நெடுநாள் நடந்தது. அந்தச் சண்டையால் அரசுக்குக் கிடைத்த நிம்மதியை நினைத்துப் பாருங்கள். விஷ மாத்திரை வாங்கியதும் அரசுதான், 83 பேரை வரிசையில் படுக்க வைத்ததும் அரசுதான். ஆனால் மாத்திரை என்றால் கைது செய்ய ஒரு முதலாளி கிடைப்பார். டார்கெட் என்றால் யாரைக் கைது செய்வது?

மருத்துவரையும் கைது செய்தார்கள். டார்கெட் அழுத்தம் இருந்தது, வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியவில்லை என்ற பொருளில் அவர் பேட்டி கொடுத்தார். அவரைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. விதி தெரிந்த மனிதர். ஆனால் ஜனவரியில் எந்த வேகத்துக்காக மாலை விழுந்ததோ அதே வேகத்துக்காக நவம்பரில் விலங்கு விழுந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இடையில் அந்த மனிதர் மாறிவிடவில்லை. மாலை போட்டவர்களுக்கு யாரும் விலங்கு மாட்டவும் இல்லை.

இந்த வேகம் எங்கே உற்பத்தியாகிறது என்று பார்க்க ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டாம், அரசாணையைப் பார்த்தால் போதும். 2007-ல் மத்திய அரசு திருத்தி வெளியிட்ட கட்டணப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பின்தங்கிய மாநிலங்களின் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குக் கருத்தடை செய்தால் அன்று மொத்தம் 1,000 ரூபாய். பெண்ணுக்கு 600. ஆளைக் கூட்டி வருபவருக்கு 150. மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் 100. அறுப்பவருக்கு 75. மயக்க மருந்து கொடுப்பவருக்கு 25. நர்ஸுக்கு 15, தியேட்டர் உதவியாளருக்கு 15. சிற்றுண்டிக்கு 10. முகாம் நிர்வாகத்துக்கு 10.

இந்தப் பட்டியலை எழுதியவர் யாராக இருந்தாலும் உண்மை விளம்பி. ஒளிவு மறைவே இல்லை. அறுப்பவனைவிட ஆள் பிடிப்பவளுக்கு இரட்டைக் கூலி. ஏனென்றால் அறுப்பது இந்த வேலையில் சுலபமான பகுதி, ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். மயக்கத்திலிருந்து அவள் ஒழுங்காக எழுந்திருக்க வேண்டும் என்பதன் விலை 25 ரூபாய். முகாமைச் சுத்தமாக வைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, படுக்கை போட்டு, விளக்கு எரிய வைத்து நிர்வாகம் செய்வதற்குத் தலைக்குப் பத்து ரூபாய். அன்றைக்கு அந்தக் காசுக்கு இரண்டு டீ வாங்கலாம். பிலாஸ்பூர் ஒட்டடைக்கு வேறு காரணம் தேட வேண்டுமா? ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் அவள் வீட்டுக்குப் போய், 'காய்ச்சல் இருக்கிறதா, தையல் எப்படி இருக்கிறது' என்று கேட்பவருக்கு இதில் எவ்வளவு என்று தேடினேன். அப்படி ஒரு வரியே இல்லை. கூலி இல்லாத வேலையை யார் செய்வார்கள்?

தலைக்கு 75 ரூபாய் என்றால் விதிப்படி 30 பேருக்கு 2,250. 83 பேருக்கு 6,225. இந்த வித்தியாசத்துக்காக யாரும் கொலை செய்யமாட்டார்கள், சரி. ஆனால் 30-ல் நிறுத்தினால் அடுத்த கூட்டத்தில் கலெக்டர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். 'உங்கள் வட்டாரம் ஏன் 36 சதவீதத்தில் நிற்கிறது?' அந்தக் கேள்விக்கு 'கருவி ஊற வேண்டும் சார்' என்ற பதிலைச் சொல்லிப் பாருங்கள்.

பட்டியலின் இரண்டாம் பாகம் இன்னும் நேர்மையானது. கருத்தடை செய்துகொண்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம். பிலாஸ்பூர் நடந்தபோது இருந்த கணக்கு இது. மருத்துவமனையிலோ, வீட்டுக்குப் போன ஏழு நாட்களுக்குள்ளோ இறந்தால் 2 லட்சம். எட்டாம் நாளிலிருந்து முப்பதாம் நாளுக்குள் இறந்தால் 50 ஆயிரம். ஆபரேஷன் பலிக்காமல் கரு தங்கினால் 30 ஆயிரம். சிக்கலுக்குச் சிகிச்சை என்றால் 25 ஆயிரத்துக்கு மிகாமல்.

ஏழாம் நாள் இரவு பதினொன்றரைக்குப் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். நள்ளிரவு தாண்டிப் போனால் ஒன்றரை லட்சம் நஷ்டம். முப்பத்தொன்றாம் நாள் செத்தால் அது அவளுடைய சொந்த விஷயம். சாவுக்கு இப்படி விலை இறங்கிக்கொண்டே போகும் பட்டியல் எழுதிய கைக்கு நடுக்கம் வந்திருக்காதா என்று கேட்பீர்கள். வந்திருக்காது. இது வேறு எந்தக் கோப்பையும் போல ஒரு கோப்பு. குறிப்பெழுதி, நிதித்துறை ஒப்புதல் வாங்கி, கையெழுத்தாகி, நகல் அனுப்பப்பட்டது.

கோப்பு என்றதும் இன்னொன்று. இந்த ஆபரேஷன்களுக்கு ஒரு பருவம் உண்டு. அக்டோபர், நவம்பரில் சூடு பிடித்து, ஜனவரி, பிப்ரவரியில் உச்சத்துக்குப் போகும். குளிர்காலத்தில் புண் சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கை பாதி. மார்ச் 31 மீதி. நிதியாண்டு முடிவதற்குள் பத்தியை நிரப்பியாக வேண்டும். இந்த நாட்டுப் பெண்ணின் கருக்குழாய் ஏப்ரலில் கொஞ்சம் ஓய்வெடுக்கும், பொங்கலுக்கு மேல் சர்க்காருக்கு அவசரமாகத் தேவைப்படும். சாலைக்குத் தார் போடுவதும் அதே பருவத்தில்தான்.

இதையெல்லாம் வடக்கத்தி விவகாரம் என்று தள்ளிவிட்டு நாம் காலாட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆபரேஷன் செய்துகொண்டால் காசு என்ற யோசனையை இந்தியாவில் முதலில் அமல்படுத்தியவர்கள் நாம்தான். 1950-களின் பிற்பகுதியில் சென்னை மாநில அரசு, வாசக்டமி என்ற ஆண் கருத்தடையைச் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. பின்னால் நின்றவர் தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசாமி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர், தலைகளை எண்ணிப் பார்த்துப் பயந்துபோனவர். ஆள் கூட்டி வருபவர்களுக்கும் கமிஷன் வந்தது. கமிஷன் வந்ததும் ஆள் பிடிப்பது ஒரு தொழிலானது. பிடிபட்டவர்களில் இனிமேல் பிள்ளை பெறும் வாய்ப்பே இல்லாத கிழவர்களும் இருந்தார்கள். ஒரு கிழவரை அறுப்பதால் நாட்டின் ஜனத்தொகை ஒரு தலைகூடக் குறையாது. ஆனால் பதிவேட்டில் ஒரு வரி கூடும். பதிவேட்டுக்கு வயது தெரியாது.

எர்ணாகுளத்தார் இதைத் திருவிழாவாக்கினார்கள். 1971 ஜூலையில் ஒரே மாதத்தில் ஒரே இடத்தில் 63,418 கருத்தடை ஆபரேஷன். ஊர்வலம், கலை நிகழ்ச்சி, பரிசுப் பொருட்கள். உலகமே வந்து பார்த்து வியந்தது. வியந்து பார்த்தவர்களில் டெல்லியும் ஒருவர். அவர் வேடிக்கையோடு நிற்கவில்லை.

1976 ஏப்ரலில், நெருக்கடி நிலை நடக்கும்போது, தேசிய மக்கள்தொகைக் கொள்கை வந்தது. இரண்டு குழந்தையோடு ஆபரேஷன் செய்தால் 150 ரூபாய், மூன்றென்றால் 100, நான்கோ அதற்கு மேலோ என்றால் 70. இது வெல்லம். பிரம்பு இன்னொரு கையில். ஆசிரியருக்கு டார்கெட், கேஸ் கொண்டு வராவிட்டால் சம்பளம் இல்லை. உத்தரப் பிரதேசத் தலைமைச் செயலாளர் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய தந்தி புகழ்பெற்றது. மாத டார்கெட்டை எட்டாதவர்களுக்குச் சம்பளம் நிற்பது மட்டுமல்ல, சஸ்பென்ஷனும் கடும் தண்டனையும் உண்டு, தினமும் முன்னேற்றத்தை வயர்லெஸ்ஸில் சொல்லுங்கள் என்றார். போர்க்களத்திலிருந்து வரும் செய்திபோல விதைநாளக் கணக்கு தினமும் லக்னோவுக்குப் போனது. ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தை 1976 நவம்பரில் ஒரு விடிகாலையில் போலீஸ் சுற்றி வளைத்தது. ஆண்களைத் திரட்டிக்கொண்டு போய் அறுத்தார்கள்.

1976-77-க்கு வைத்த டார்கெட் ஏறக்குறைய 43 லட்சம். நடந்தது 80 லட்சத்துக்கு மேல். நிர்வாகவியல் வகுப்புகளில் இதை ஏன் பாடமாக வைப்பதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. சொன்னதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சாதித்த அரசுத் துறை இந்திய சரித்திரத்தில் வேறு எது? நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பிறகு உட்கார்ந்து எண்ணியபோது வேறு சில எண்களும் கிடைத்தன. ஆபரேஷன் தொடர்பான சாவுகள் 1,774. கல்யாணமே ஆகாதவர்களை அறுத்ததாக வந்த புகார்கள் 548. கல்யாணம் ஆகாதவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு! வாத்தியாரைக் கேட்டால் சொல்லியிருப்பார்: 'என் குடும்பம் பட்டினி கிடக்கிறது சார், அதைத்தான் கட்டுப்படுத்தினேன்.'

1977 தேர்தலில் வட இந்தியா அந்த ஆட்சியைத் துடைத்தெறிந்தது. அதிலிருந்து அரசு ஒரு பாடம் கற்றுக்கொண்டது. ஆளை மிரட்டக் கூடாது என்பதல்ல அந்தப் பாடம். ஆண்களைத் தொடக் கூடாது என்பது. ஆணைத் தொட்டால் ஓட்டுப் போகும். அன்றுமுதல் கத்தி திசை மாறியது. வாசக்டமி சில நிமிட வேலை, வயிற்றைத் திறக்க வேண்டாம், ஆபத்தும் குறைவு. பெண்ணுக்குச் செய்வது வயிற்றுக்குள் போகும் ஆபரேஷன். இதில் எது பரவலாகியிருக்க வேண்டும்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3. நம் தமிழ்நாட்டிலும் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் கு.க. செய்துகொண்டவர்கள். ஆண்களைத் தேடினால் பூதக்கண்ணாடி வேண்டும். 'நாம் இருவர்' என்று சுவரெல்லாம் எழுதிய நாட்டில் மேஜையில் ஏறியது ஒருவர்தான்.

ஆண்களை அழைக்கவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது, அழைத்தார்கள். 2008-ல் மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்ட நிர்வாகம், வாசக்டமி செய்துகொள்பவருக்குத் துப்பாக்கி லைசென்ஸில் முன்னுரிமை என்று அறிவித்தது. சம்பல் பள்ளத்தாக்கை ஒட்டிய சீமை, துப்பாக்கிதான் அங்கே மீசை. ஒரு ஆண்மை போனால் இன்னொரு ஆண்மை கொடுக்கிறோம் என்ற ஏற்பாடு. ஜனத்தொகையைக் குறைக்க இரண்டு வழியையும் ஒரே திட்டத்தில் சேர்த்த அந்த மூளையை நான் வணங்குகிறேன். 2011-ல் ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் குலுக்கல் வைத்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டால் நானோ கார் விழலாம், மோட்டார் சைக்கிள் விழலாம், டி.வி. விழலாம், மிக்ஸி விழலாம். எவனுக்கு ஏற்கெனவே கார் இருக்கிறதோ அவன் அந்த வரிசைக்கு வரமாட்டான் என்பது குலுக்கல் நடத்தியவருக்குத் தெரியும். 600 ரூபாய்க்கு அசைகிறவரைத்தான் 600 ரூபாய் அசைக்கும். ஒரு வாரக் கூலிக்குத் தன் உடம்பை நீட்டும் நிலையில் ஒருத்தி இருந்தால், அவளுடைய சம்மதக் கையெழுத்தில் எவ்வளவு சம்மதம், எவ்வளவு பசி?

1996-ல் மத்திய அரசு ஞானம் பெற்றது. இனி டார்கெட் கிடையாது என்று நாடு முழுக்க அறிவித்தது. கெய்ரோவில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில் கையெழுத்துப் போட்டு வந்த சூடு. கொஞ்ச நாளில் கோப்புகளில் 'எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு' என்று ஒரு பத்தி முளைத்தது. எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான், கட்டாயமில்லை. எதிர்பார்ப்பு நிறைவேறாவிட்டால் மெமோ வரும், இடமாற்றம் வரும், ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணிப் பெண்ணுக்கு 'உன்னை எடுத்துவிடுவோம்' வரும்.

எதிர்பார்ப்பு எப்படி நிறைவேறியது என்று பாருங்கள். 2012 ஜனவரி 7, பீகாரின் அராரியா மாவட்டம். ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் இரவு எட்டு மணிக்குமேல் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஒரே மருத்துவர் கருத்தடை செய்தார். பிள்ளைகள் உட்கார்ந்து எழுதும் மேஜைகள்தான் ஆபரேஷன் மேஜை. டார்ச் வெளிச்சம். ஒருத்தி கர்ப்பிணி, பார்க்காமலே அறுத்தார்கள், கரு கலைந்தது. கர்ப்பமா என்று சோதிக்கச் சில நிமிடம் ஆகும். அப்படி 53 பேருக்கு. நேரம் எங்கே இருக்கிறது? 2013 பிப்ரவரி, மேற்கு வங்கத்தின் மால்டா. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒரே நாளில் செய்துவிட்டு, படுக்க வைக்க இடமில்லாமல் மயக்கம் தெளியாதவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து திறந்த வெளியில் கிடத்தினார்கள். படம் பத்திரிகையில் வந்தது. அதற்கடுத்த ஆண்டு பிலாஸ்பூர்.

வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. அராரியாவைப் பார்த்துக் கொதித்த ஒரு பெண்மணி போட்ட பொதுநல வழக்கு. 2010-லிருந்து 2013 வரை கருத்தடை ஆபரேஷனிலும் அதற்குப் பிறகும் 363 பேர் இறந்திருக்கிறார்கள் என்ற கணக்கு அங்கே வெளியே வந்தது. 2016 செப்டம்பரில் தீர்ப்பு: முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்துங்கள், நேரடியாகவும் மறைமுகமாகவும் டார்கெட் வைக்காதீர்கள், இழப்பீட்டை உயர்த்துங்கள். நல்ல தீர்ப்பு. மூன்று வருடம் முடிந்து சில மாதங்களில், 2020 பிப்ரவரியில், மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை கிளம்பியது. அந்த நிதியாண்டில் ஓர் ஆணைக்கூட வாசக்டமிக்குக் கூட்டி வராத ஆண் சுகாதாரப் பணியாளர்களைக் கண்டுபிடியுங்கள், வேலை செய்யாதவனுக்குச் சம்பளம் இல்லை, மார்ச் முடிவதற்குள் தேறாதவனைக் கட்டாய ஓய்வில் அனுப்பப் பரிந்துரை செய்யுங்கள். நெருக்கடி நிலை திரும்பிவிட்டது என்று நாடே கத்தியது. சில நாட்களில் சுற்றறிக்கை வாபஸ், அதிகாரி மாற்றம்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? 363 பேர் செத்த விவகாரத்தில் தீர்ப்பு வர நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. ஆண்களின் பக்கம் ஒரு காகிதம் திரும்பியது, ஒரு வாரமோ பத்து நாளோதான் தாங்கியது. வாபஸ் வாங்கியது சரிதான். என் கோபம் வாபஸ் மேல் இல்லை. அந்தக் கூச்சலில் நூற்றில் ஒரு பங்கு பள்ளிக்கூட மேஜைகளுக்காக எழுந்திருந்தால் பிலாஸ்பூர் நடந்திருக்காது என்பதில்தான்.

அரசைவிட்டுத் தனியாரிடம் கொடுத்தால் ஒழுங்காகும் என்பவர்களுக்காக ஒரு சின்னக் கதை. ஏழைக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு என்று ஒரு தேசியக் காப்பீட்டு அட்டை கொடுத்தார்கள். நல்ல திட்டம். சத்தீஸ்கரிலும் பீகாரிலும் சில தனியார் மருத்துவமனைகள் அட்டையைப் பார்த்தன, கொண்டு வந்தவளைப் பார்த்தன. இடுப்பு வலி என்று போனவளிடம் 'கேன்சர் வந்துவிடும்' என்று பயமுறுத்திக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். 2012-ல் இது பெரிய செய்தியானது, 2023-ல் உச்ச நீதிமன்றம் கண்காணிப்புக்கு உத்தரவு போட்டது. அங்கே கருக்குழாய்க்கு விலை, இங்கே கர்ப்பப்பைக்கு விலை. வலிக்கு மட்டும் பட்டியலில் விலை இல்லை, அதனால் அது அவளிடமே இருந்தது.

திட்டம் தோற்றுவிட்டது, நல்ல எண்ணம் வழிதவறிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் தலையங்கம் எழுதுகிறார்கள். எங்கே தோற்றது? அரசு எண் கேட்டது, எண் கிடைத்தது. உயிரோடு திரும்பும் பெண் வேண்டும் என்று அது எந்தப் பத்தியிலும் கேட்கவில்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றாததற்குக் காரணம், அந்த மேஜையில் அவர்கள் வீட்டுப் பெண் ஒருநாளும் படுக்கப்போவதில்லை என்ற உறுதி. டார்கெட் எழுதுகிறவரின் மருமகளுக்குச் சிசேரியனோடு சேர்த்துத் தனி அறையில், ஏ.சி.யில், மூன்று டாக்டர் சூழ நடக்கும். நடக்கட்டும். அந்த அறையில் கருவி ஊறும்.

டார்கெட் இல்லாமல் ஜனத்தொகை எப்படிக் குறையும் என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தென் மாநிலங்கள் குறைத்தது காசுக்கும் பரிசுக்கும் ஆசைப்பட்டு மட்டும் அல்ல. பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள், கல்யாணம் தள்ளிப்போனது, பிறந்த குழந்தை தங்கியது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் இருந்தார். பிறந்தது பிழைக்கும் என்று தெரிந்தவள் மேலும் நான்கு பெறமாட்டாள். 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8. அதற்குப் பரிசும் வைத்திருந்தார்கள். கட்டுப்படுத்துகிற மாநிலம் எம்.பி. தொகுதியை இழக்கக் கூடாது என்று 1976-லேயே அரசியல் சட்டத்தைத் திருத்தித் தொகுதிகளை 1971 கணக்கில் உறைய வைத்தார்கள், பிறகு 2026 வரை நீட்டினார்கள். இப்போது உறைபனி உருகப் போகிறது என்றதும் சொன்னபேச்சுக் கேட்ட மாநிலங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

விளைவு, முதலமைச்சர்கள் பிள்ளை பெறச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போது தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் 2024 அக்டோபரில் ஒரு கல்யாண மேடையில் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்வதைப் பற்றிப் பேசினார். ஆந்திராவில் இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற தடையை அடுத்த மாதமே சட்டசபையில் நீக்கினார்கள். அதுபோன்ற தடை இருந்த பல மாநிலங்களில் பதவிக்காக மூன்றாவது குழந்தையைத் தத்துக் கொடுத்ததும், கர்ப்பிணி மனைவியை விலக்கி வைத்ததும் நடந்திருக்கின்றன. அந்தக் குழந்தைகளை இப்போது திருப்பிக் கேட்டு வாங்கலாமா என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. 2025 மார்ச்சில் அதே மாநிலத்தின் எம்.பி. ஒருவர் புதுக் கட்டணத்தை அறிவித்தார். மூன்றாவது குழந்தை பெண்ணாகப் பிறந்தால் 50,000 ரூபாய், ஆணாகப் பிறந்தால் ஒரு பசுமாடு.

இன்றைக்கு இது ஒரு எம்.பி.யின் சொந்தக் கொடை. நாளைக்கு அரசாணையாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பட்டியல் ஏற்கெனவே தயார், தலைப்பை மாற்றினால் போதும். கூட்டி வருபவருக்கு எவ்வளவு, நர்ஸுக்கு எவ்வளவு, சிற்றுண்டிக்கு எவ்வளவு. அரசு ஊழியருக்குரிய மாதச் சம்பளம் இல்லாமல், பெரும்பாலும் செய்த வேலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்கும் அதே ஆஷா, போன மார்ச்சில் 'போதும் அக்கா, நிறுத்திக்கோங்க' என்று சொன்ன அதே திண்ணையில் உட்கார்ந்து, 'இன்னும் ஒண்ணு பெத்துக்கோங்க அக்கா, இந்த மாசம் எனக்கு ரெண்டு கேஸ் குறையுது' என்று கெஞ்சுவாள். பெறுவதற்குப் பத்து மாதம் ஆகும் என்பதால் இம்முறை கணக்கைப் போன ஜூன் மாதமே தொடங்கியிருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு மெமோவும் வரும்.